வெளிமான் வேட்டைக்குப் போவோமா?

குட்டீஸ், அரையாண்டு விடுமுறை வந்தால் எங்கே போவீர்கள்? மாமா வீடு, பெரியம்மா வீடு, மிஞ்சிப்போனால் திருச்செந்தூர் கடல். போன வருஷமும் அதுதான், அதற்கு முந்தின வருஷமும் அதுதான்! இந்த முறை ஒரு மாறுதலுக்கு வேட்டைக்குப் போகலாமா? மான் வேட்டைக்கு! அதுவும் பக்கத்தில் இல்லை. கோவில்பட்டியிலிருந்து கிளம்பி கேரளா, கர்நாடகா, கோவா, மகாராஷ்டிரா என்று நான்கு மாநிலங்களைத் தாண்டி, குஜராத்துக்கு!

"ஐயோ, மானைச் சுட்டால் ஜெயிலில் போட்டுவிடுவார்களே!" என்று யாராவது கத்தினீர்களா? சபாஷ். நீங்கள் சொல்வது சரிதான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் முதல் அட்டவணையில் புலி, யானையோடு சேர்ந்து நம் வெளிமானும் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகமாகப் போனால் 7 ஆண்டு சிறை. அபராதம் வேறு, 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல். 1998-ல் ராஜஸ்தானின் ஜோத்பூர் பக்கத்தில் இரண்டு வெளிமான்கள் சுடப்பட்ட வழக்கில், 20 ஆண்டு கழித்து 2018-ல் ஒரு பிரபல இந்தி நடிகருக்கே 5 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்கள் யார் தெரியுமா? அந்த ஊர்க்காரர்கள்தான். பிஷ்னோய் என்ற சமூகத்தினர். வெளிமானைத் தங்கள் வீட்டுப் பிள்ளை போல நினைப்பவர்கள்.

அப்படியானால் நம் வேட்டை எப்படி? கண்ணாலும் காதாலும் ஆடுகிற வேட்டை. பழைய வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை எல்லாம் நமக்கும் தெரிய வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தடம் எத்தனை மணிக்குப் பதிந்தது, எந்தப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தால் மான் நம்மைப் பார்க்காது... எல்லாம்! துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு பென்சில். அவ்வளவுதான்.

மானா, ஆடா?

தமிழில் நாம் எல்லாவற்றையும் மான் என்று சொல்லிவிடுகிறோம். புள்ளிமானும் மான், வெளிமானும் மான். ஆனால் விலங்கியல் படித்தவர்கள் இந்த இரண்டையும் வேறு வேறு குடும்பத்தில் வைக்கிறார்கள். கொம்பைப் பார்த்தாலே உங்களுக்கும் விஷயம் புரிந்துவிடும்.

புள்ளிமானின் கொம்பு கிளை கிளையாகப் பிரியும். முழுக்க எலும்பு. வருஷத்துக்கு ஒரு முறை உதிர்ந்து, மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைவிடாது, உதிராது. உள்ளே எலும்பு, வெளியே நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளில் ஓர் உறை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது போலவே! ஆக, வெளிமானுக்கு உங்கள் வீட்டு வெள்ளாடு நெருங்கிய சொந்தம். புள்ளிமான் தூரத்து உறவுதான். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ஆண்டலோப் என்று தனிப் பெயரே இருக்கிறது. இந்தியாவில் வெளிமான், நீலான், சிங்காரா, நாற்கொம்பு மான் எல்லாம் இந்த வகைதான்.

வெளிமானுக்குப் புல்வாய், இரலை, திருகுமான் என்றும் பெயர்கள் உண்டு. இரலையின் முறுக்கிய கொம்பைப் பற்றிச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். 2000 ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்! ஆண் மானுக்கு மட்டும்தான் பெரும்பாலும் கொம்பு. சோளத்தட்டையைப் பிடித்துத் திருகியது போல மூன்று, நான்கு முறுக்கு. நன்றாக வளர்ந்தால் இரண்டு அடிக்கு மேல் போகும். குட்டியாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் ஒரே வெளிர்பழுப்பு. ஆண் வளர வளர முதுகு கறுத்துக்கொண்டே வரும். வடக்கே சில ஆண் மான்கள் அட்டக் கறுப்பாகவே ஆகிவிடும். நம் தென்பகுதியில் பெரும்பாலும் கரும்பழுப்போடு நின்றுவிடும். வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கண்ணுக்கு மையிடுவதற்குப் பதில் சுண்ணாம்பு இட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்!

ஓட்டம்தான் இதன் பெருமை. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும். நான்கு வழிச் சாலையில் உங்கள் அப்பா கார் ஓட்டும் வேகம். இவ்வளவு வேகம் எதற்கு? துரத்துகிறவன் அப்படி! ஒரு காலத்தில் இந்தியச் சமவெளியில் சிவிங்கிப்புலி இருந்தது. உலகத்திலேயே வேகமான நான்கு கால் விலங்கு அதுதான். அதனிடம் தப்பித்துத் தப்பித்தே வெளிமானின் கால் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் சிவிங்கிப்புலி இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவித்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்களே, அது இதனால்தான்.

ராஜா வேட்டை

முகலாய மன்னர்கள் இந்தச் சிவிங்கிப்புலியையே பிடித்துப் பழக்கி, வெளிமான் வேட்டைக்கு வைத்திருந்தார்கள். அதன் கண்ணைத் துணியால் மூடி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏன் மாட்டுவண்டி? சம்சாரிகளின் வண்டி தினமும் போய் வருவதால், அதைக் கண்டு மான் மிரளாது! கூட்டத்துக்குப் பக்கத்தில் போனதும் துணியை அவிழ்த்துவிடுவார்கள். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பாருங்கள், அதே வம்சத்தில் வந்த ஜஹாங்கீர், தான் பிரியமாக வளர்த்த ஒரு மான் செத்துப்போனதும் அழுதிருக்கிறார். அதன் நினைவாக ஒரு கோபுரத்தையே எழுப்பினார். பாகிஸ்தானில் லாகூர் பக்கம் ஷேக்குபுராவில் 'ஹிரன் மினார்' என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது. ஹிரன் என்றால் மான். ஒரு மானுக்கு அழுத மனிதர், மற்ற மான்களை வேட்டையாடியும் இருக்கிறார். பெரியவர்களைப் புரிந்துகொள்வது எப்போதும் கஷ்டம்தான்!

பிறகு துப்பாக்கி வந்தது, ஜீப் வந்தது. லட்சக்கணக்கில் இருந்த வெளிமான்கள் வேகமாகக் குறைந்தன. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் காட்டில் வாழ்ந்தவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1932-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சில வெளிமான்களைக் கொண்டுபோனார்கள். அவை அங்கே பெருகிவிட்டன. அங்கே பண்ணைக்காரர்களுக்குப் பணம் கட்டிவிட்டு அவற்றைச் சுடுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. குடும்பத்தோடு கூடாரம் எடுத்துக்கொண்டு வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் வேட்டைக்கு வருகிறார்கள். வெளிமான் அழிந்துபோன பாகிஸ்தானுக்கு, 1970-ஐ ஒட்டி, அந்த டெக்சாஸிலிருந்துதான் சில மான்களைத் திருப்பி அனுப்பினார்கள்! சொந்த நாட்டுக்கு வர அவை உலகத்தையே சுற்ற வேண்டியிருந்தது.

முதலில் ஒத்திகை

நாடகம் போடும் முன் ஒத்திகை பார்க்கிறோம் இல்லையா? குஜராத்துக்கு இரண்டு நாள் ரயிலில் போய், அங்கே மான் கூட்டத்தைப் பார்த்ததும் "ஹோ"வென்று கத்தினால் எல்லாம் வீண். அதனால் முதல் வேட்டை நம் மாவட்டத்துக்குள்ளேயே. தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 1987-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 16 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தெற்குக் கோடியில் இருப்பது இதுதான்.

கோவில்பட்டியில் காலை இருட்டோடு கிளம்பினால் முதலில் கயத்தாறு வரும். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ஆம் தேதி தூக்கிலிட்ட ஊர். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டினால் கங்கைகொண்டான். இங்கே 2013-ல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. நோட்டை எடுத்து 'புள்ளிமான், கிளைக் கொம்பு' என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு திருநெல்வேலி போய், தூத்துக்குடி சாலையில் திரும்பினால் வல்லநாடு. ஒரே காலையில் மானும் பார்க்கலாம், ஆண்டலோப்பும் பார்க்கலாம். இப்படி ஒரு சாலை எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது!

சரணாலயத்துக்குள் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. வனத்துறையிடம் முன்கூட்டியே பெரியவர்கள் யாராவது அனுமதி கேட்க வேண்டும். கூட ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பெயரே நன்றாக இருக்கிறது இல்லையா? நாம் வேட்டைக்குப் போகிறோம், துணைக்கு வேட்டைத் தடுப்புக் காவலர்!

நான் முதன்முதலில் போன கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாவகாசமாகக் காலை 11 மணிக்குப் போனேன். போட்டிருந்தது சிவப்புச் சட்டை. செருப்பு சரக் சரக்கென்று சத்தம் போட்டது. இரண்டு மணி நேரம் நடந்து நான் பார்த்தது என்ன தெரியுமா? ஒரு குவியல் புழுக்கை! எனக்கு ஒரே அழுகை வராத குறை. கூட வந்த காவலர் மட்டும் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது ராஜா உட்காருற இடம்" என்றார். ஆண் வெளிமான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடுமாம். கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியைப் புல்லிலும் முள்ளிலும் தேய்த்து வாசனையும் வைக்குமாம். "இது என் வீடு, உள்ளே வராதே" என்று பலகை வைக்கிற மாதிரி! அன்று மானைப் பார்க்காமலேயே அதன் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த முறை விடிவதற்கு முன்பே போனேன். மண் நிறச் சட்டை. ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்து, காற்று மான் பக்கமிருந்து என் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தேன். நம் வாசனை அதற்குப் போகக் கூடாது அல்லவா? சூரியன் எழும்பி உடை மரங்களின் குடை மேலே வெளிச்சம் பட்டபோது, ஏழு மான்கள் வந்தன. அசையாமல் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போய்விட்டது. போகட்டும், கால்தானே!

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பெயர் வெளிமான். வெட்டவெளியில் வாழும் மான். தூரத்தில் வரும் எதிரியைக் கண்ணால் பார்த்து, காலால் தப்பிக்கிற பிராணி. அதற்கு வேண்டியது புல்வெளி. ஆனால் வல்லநாட்டில் அது இருப்பது முள்காடு மண்டிய ஒரு குன்றின் மேல்! சுற்றியுள்ள சமவெளி எல்லாம் வயலாக, ஊராக, சாலையாக ஆகிவிட்டது. அது போக இடமில்லாமல் மேட்டில் நிற்கிறது. ஓடப் பிறந்ததற்கு ஓட இடம் இல்லை. வல்லநாட்டுக் குன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். மற்ற இடங்களில் உள்ள வெளிமான் கூட்டம் எதுவும் இங்கே நடந்து வந்து சேர முடியாது. இருப்பது குறைந்தால் குறைந்ததுதான்.

யார் ஜெயித்தார்?

நம் வேட்டையில் வெற்றி தோல்வி உண்டு. விதி சுலபம். மான் மேய்ந்துகொண்டிருக்கிறது, நீங்கள் மெதுவாக நடக்கிறீர்கள். ஒரு மான் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கூட்டம் முழுவதும் தலையைத் தூக்கினால் பின்னால் வர வேண்டும். ஒரு மான் நான்கு காலையும் சேர்த்து வானத்தில் எம்பிக் குதித்ததா? நீங்கள் தோற்றுவிட்டீர்கள்! ஒன்று எம்பினால் மற்றவையும் எம்ப ஆரம்பிக்கும், பிறகு கூட்டமே ஓடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது உயிருக்குப் பயந்த ஓட்டம். நீங்கள் வந்ததும், பார்த்ததும், போனதும் அவற்றுக்குத் தெரியாமலே அவை மேய்ந்துகொண்டிருந்தால் அதுதான் முதல் பரிசு.

இதில் ஒரு விளையாட்டு இல்லாத விஷயமும் இருக்கிறது. வெளிமான் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். பிறந்த குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளிப்போய் மேயும். குட்டி அசையாது, கத்தாது. நரி பக்கத்தில் வந்தாலும் அப்படியே கிடக்கும். பால் கொடுக்க மட்டும் தாய் வரும். இது தெரியாமல் "ஐயோ பாவம், அநாதைக் குட்டி!" என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. காட்டிலோ, உங்கள் ஊர்க் கரிசல்காட்டிலோ எந்த மான்குட்டியாவது தனியாகக் கிடந்தால் தொடாதீர்கள். சுற்றி நின்று வேடிக்கையும் பார்க்காதீர்கள். நீங்கள் அங்கே நிற்கும்வரை தாய் வராது. நாய்கள் வராமல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குச் சொல்லச் சொல்லிப் பெரியவர்களை அனுப்புங்கள்.

நாய் என்றதும் நினைவு வருகிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் குருமலைக் காட்டில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் தேடிக் கீழே இறங்கி வரும்போது அவற்றைத் தெருநாய்கள் விரட்டிக் கடிக்கும். சாலையில் வண்டி மோதும். கிணற்றில் விழும். பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு முயல் வேட்டை நாய்களையே திருப்பி விரட்டியது, அதைப் பார்த்துத்தான் அங்கே கோட்டை கட்டினார்கள் என்று நம் பக்கத்தில் கதை சொல்வார்கள். எல்லா மானுக்கும் அந்த முயலின் தைரியம் இருக்காதே!

தாத்தாவிடம் கேளுங்கள்

உங்கள் தாத்தா சம்சாரியா? அப்படியானால் நீங்கள் மான் பார்க்கப் போவதாகச் சொன்னதும் அவர் முகத்தைப் பாருங்கள். "மானாவது, மயிலாவது! இங்கே உளுந்தும் பாசியும் என்ன பாடுபடுது தெரியுமா?" என்று அவர் கோபப்படலாம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. கரிசல் பூமியில் பெரும்பாலும் மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அப்படி விளைந்த மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனால், பயறைப் புள்ளிமான் மேய்ந்துவிட்டுப் போனால், அந்த வீட்டில் அந்த வருஷம் பள்ளிக்கூடச் செலவுக்கே திண்டாட்டம். இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனுப் போடலாம். ஆனால் அதற்கும் அலைய வேண்டும், காத்திருக்க வேண்டும்.

எனவே உங்கள் வேட்டை நோட்டில் மானுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கினால், தாத்தாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எந்த மாதம் வருகிறது? எந்தப் பயிரைத் தொடுகிறது, எதைத் தொடாமல் போகிறது? இரவிலா, விடியலிலா? இரவுக் காவலுக்குப் போனவரை விட மானைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார்? குஜராத்திலும் இதே கதைதான். அங்கேயும் சரணாலயத்து எல்லையைத் தாண்டி வெளிமான்கள் வயலுக்குப் போகின்றன. அங்கே உள்ள தாத்தா என்ன சொல்கிறார் என்று கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காளியார் ஊருக்கு

இப்போது நிஜப் பயணம்! நாம் போகும் இடம் வேளாவதர். குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1976-ல் தேசியப் பூங்காவானது. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர். வல்லநாட்டைப் போல இரண்டு மடங்குதான். ஆனால் மலை இல்லை, முள்காடு அதிகம் இல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் புல், புல், புல்! வெளிமானை 'வெளி'யில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. குஜராத்தி மொழியில் அதற்குக் 'காளியார்' என்று பெயர். கறுப்பு நிறத்தால் வந்த பெயர். கரிசல் மண் பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது.

இந்தப் புல்வெளி ஒரு காலத்தில் பாவ்நகர் மகாராஜாவின் வேட்டைக் காடு. இங்கேயும் சிவிங்கிப்புலியை விட்டு வெளிமானைப் பிடித்தார்கள். ராஜா வேட்டைக்காக மற்றவர்கள் யாரும் உழாமல் விட்டுவைத்ததால்தான் புல்வெளி தப்பித்தது! அந்த ஊரின் கடைசி மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி யார் தெரியுமா? 1948 முதல் 1952 வரை நம் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர்!

எப்படிப் போவது? திருநெல்வேலியிலிருந்து குஜராத்தின் ஜாம்நகருக்கு ஒரு விரைவு ரயில் போகிறது. தினமும் இல்லை, வாரத்தில் சில நாட்கள்தான். ஏறினால் அகமதாபாத்தில் இறங்கிக்கொள்ளலாம். சுமார் இரண்டு நாள் ரயிலிலேயே வாழ்க்கை! கொங்கண் பாதையில் மலைகளைக் குடைந்து போகும்போது, கர்புடே என்ற இடத்தில் ஆறரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வரும். உள்ளே நுழையும்போது எண்ண ஆரம்பியுங்கள், வெளிச்சம் வரும்போது எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். குஜராத்துக்குள் தபதி, நர்மதை இரண்டு ஆறுகளையும் தாண்டுவீர்கள். அகமதாபாத்திலிருந்து சாலை வழியே சுமார் மூன்று மணி நேரம்.

டிசம்பர் நல்ல மாதம். மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, பூங்காவை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வந்துவிடும். சாயங்காலம் சூரியன் இறங்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கில் வந்து, மரத்தில் இல்லை, புல் தரையிலேயே இறங்கித் தூங்கும். தேடி வந்த நீங்கள் வெளிமானை மறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓநாய்களும் உண்டு. வெளிமானை இன்றும் சட்டப்படி வேட்டையாடும் உரிமை அவற்றுக்கு மட்டும்தான்!

அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். ஆண் மான்கள் பல ஒரே மைதானத்தில் கூடி, ஆளுக்கு ஒரு சிறு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தலையை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து ஒய்யாரமாக நடக்கும். பக்கத்து வட்டத்துக்காரன் கோட்டைத் தாண்டினால் முட்டல்தான். பெண் மான்கள் நிதானமாக நடந்துவந்து ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுத் தங்களுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கும். நம் ஊர் சுயம்வரக் கதை மாதிரியே! இது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் அதிகம். ஆனால் அப்போது உங்களுக்குத் தேர்வு நெருங்கிவிடுமே, என்ன செய்ய?

குஜராத் ரொம்பத் தூரம் என்று வீட்டில் சொன்னால் கர்நாடகாவில் ராணிபென்னூர் இருக்கிறது. ஹாவேரி மாவட்டம், 1974-ல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம். கோவில்பட்டியிலேயே மைசூரு ரயிலில் ஏறி, பெங்களூரில் இறங்கி, ஹூப்ளி பாதையில் ரயில் மாற வேண்டும். அங்கே ஒரு காலத்தில் புல்வெளியில் யூகலிப்டஸ் மரங்களை நட்டுவிட்டார்கள். மரம் நட்டால் எல்லா விலங்குக்கும் நல்லது என்று நினைக்கிறோம் இல்லையா? வெளிமானுக்கு அப்படி இல்லை!

கூடாரம் எங்கே?

வேட்டை என்றாலே காட்டுக்குள் கூடாரம், அதன் முன்னால் நெருப்பு என்று நினைத்திருப்பீர்கள். மன்னிக்கவும், தேசியப் பூங்காவுக்குள் உங்கள் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. நெருப்பு மூட்டவே கூடாது. காய்ந்த புல்வெளியில் ஒரு பொறி போதும். வேளாவதரில் வனத்துறையின் 'காளியார் பவன்' விடுதி இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் பாவ்நகரில் தங்கிவிட்டு விடியற்காலையில் வரலாம். உள்ளே வண்டியில்தான் போக வேண்டும், வழிகாட்டி கூட வருவார். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மாட்டுவண்டியைக் கண்டு மிரளாத மான், உங்கள் ஜீப்பைக் கண்டும் அவ்வளவாக மிரளாது. நீங்கள் இறங்கி நடந்தால்தான் ஓடும்.

கூடார ஆசை போகவில்லையா? மொட்டை மாடி எதற்கு இருக்கிறது! அம்மாவின் பழைய சேலையைக் கொடியில் போட்டு, நான்கு செங்கல் வைத்து ஓர் இரவு தங்கிப் பாருங்கள். செல்போன் கிடையாது. டார்ச் ஒன்று மட்டும். ஆந்தைச் சத்தம், மயில் அகவல், தூரத்து ரயில் எல்லாம் எத்தனை மணிக்குக் கேட்டது என்று இருட்டிலேயே எழுதப் பழகுங்கள். கொசு கடிக்கும்போது அசையாமல் பத்து நிமிஷம் உட்கார முடிகிறதா? அந்தப் பரீட்சையில் பாஸானவர்தான் மான் வேட்டைக்குத் தகுதி!

பையில் நிறைய அடைக்காதீர்கள். மண் நிறத்திலோ, காய்ந்த புல் நிறத்திலோ இரண்டு சட்டை, முழுக்கால் பேன்ட், சத்தம் போடாத ஷூ, தொப்பி. குஜராத்தில் டிசம்பர் இரவு குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். கோவில்பட்டிப் பிள்ளைகளிடம் ஸ்வெட்டர் ஏது என்கிறீர்களா? கொடைக்கானல் போய் வந்த சித்தப்பா பையனிடம் கடன் வாங்குங்கள். 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் வீட்டுக்கு ஒன்று போதும், முறை வைத்துப் பார்க்கலாம். கேமராவில் ஃபிளாஷ் வேண்டாம். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. ரயிலுக்கு நம் ஊர் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்காரர் அவர், குஜராத் வழிகாட்டி அண்ணனுக்கும் ஒரு பாக்கெட் எடுத்து வையுங்கள். மானுக்குக் கொடுக்க மட்டும் எடுக்காதீர்கள்!

இனி நாள் கணக்கு. அரையாண்டு விடுமுறை ஏறக்குறைய ஒன்பது, பத்து நாள்தான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ரயில் வாரத்தில் எந்த நாளில் புறப்படுகிறது, எந்த நாளில் திரும்புகிறது என்று பார்த்து, நடுவில் குறைந்தது இரண்டு விடியற்காலை புல்வெளியில் கிடைக்குமா என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு காலை என்றால் என்னைப் போலப் புழுக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்! ரயிலில் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்கும். டிசம்பர் 24-ல் புறப்பட வேண்டுமானால் அக்டோபர் 25, காலை 8 மணி. காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் இப்போதே சுழித்து வையுங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வல்லநாட்டு ஒத்திகை முடிந்திருக்க வேண்டும்.